கொறுக்கைக்கு நம் ஊர்க்காற்று பழக வேண்டும்

(வாசகர் கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுபவர், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த ஓபோ கலைஞர். ஓபோ என்பது நாதஸ்வரம் போல இரட்டை இதழ் வைத்து ஊதும் மேற்கத்தியக் கருவி. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் 27 ஆண்டுகள் வாசித்தவர். இப்போது சொந்த ஊரில் ரீட், அதாவது கொறுக்கைத் தட்டையைச் சீவிச் செய்யும் அந்த ஊதும் இதழ், கட்டிக் கொடுக்கிறார்.)

கேள்வி: ஓபோ கற்றுக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ரீட் ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் பேசுகிறது. இரண்டு வாரத்தில் குரல் அடைத்துப் போகிறது. நானே கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கொறுக்கையை எப்படிப் பார்த்து வாங்குவது? (மாணவர், சென்னை)

தம்பி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டீர்கள். வாங்கியதை எத்தனை காலம் தொடாமல் வைப்பது என்று கேட்கவில்லை. எனக்கு இரண்டும் ஒரே வேலைதான். கையால் பொறுக்குவது முதல் சல்லடை. அடுத்த முறை மழையும் காற்றும் சலித்துத் தரும்.

செடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாவர நூல்களில் இதன் பெயர் அருண்டோ டோனாக்ஸ். நாம் கொறுக்கை என்போம், கொறுக்குத்தட்டை என்போம். ஓபோக்காரர்கள் தேடி வாங்குவது பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் மாவட்டத்துக் கொறுக்கை. ஃப்ரேஜூஸ், இயேர், கொகோலான் பக்கத்துச் சரக்கு என்று பையில் எழுதியிருக்கும். செடி முதல் வருடத்திலேயே ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு வளர்ந்துவிடும். அப்போது வெட்டினால் வெறும் புல். இரண்டாம் வருடம் பக்கக் கிளை விட்டுத் தண்டு இறுகுகிறது. அந்தக் குளிர்காலத்தில், சாறு குறைந்திருக்கும்போது வெட்டி, நிறுத்திவைத்து உலர்த்துவார்கள். பிறகு இலை உரித்து வெயிலில் பரப்பி, எல்லாப் பக்கமும் காயும்படி புரட்டிப் புரட்டிப் போடுவார்கள். பச்சை போய்ப் பொன்னிறம் ஏறுவது அந்த வெயிலில். அதற்குப் பிறகு நிழலில் வைப்பு. அந்தச் சீமையில் மிஸ்ட்ரல் என்று வடமேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று உண்டு. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது குழாயாகவே வாங்குங்கள். சீவி, வடிவம் வெட்டித் தயாராக வருவது வேண்டாம். ஓபோவுக்கு 10 முதல் 10.5 மி.மீ வரை குறுக்களவு உள்ள குழாய் சரி. ஓபோவைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட பசூனுக்குச் சுமார் 25 மி.மீ வேண்டும், ஆகவே அது தண்டின் பருத்த பகுதி. நமக்கு ஆவது மேலே சன்னமான பகுதி. அரை மில்லிமீட்டரில் என்ன வந்தது என்று நினைக்காதீர்கள். சன்னமான குழாயில் வளைவு அதிகம், கட்டிய ரீட்டின் வாய் அகலத் திறக்கும். பருத்த குழாயில் வளைவு தட்டை, வாய் மூடிக்கொள்ளும். வாய் அகன்ற ரீட்டை அமுக்கி அமுக்கி வாசித்தே பல பிள்ளைகளுக்கு உதடு களைத்துப் போகிறது. கத்தியைக் குறை சொல்வார்கள். தப்பு குழாயில் இருக்கும்.

பை வந்ததும் ஒரு கண்ணாடிப் பலகையைச் சமதளமாக வைத்து, குழாய்களை ஒவ்வொன்றாக உருட்டிவிடுங்கள். நேரான குழாய் சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தத்தித் தத்தி ஓடும். வளைவு பெரிதானால் அப்போதே ஒதுக்கிவிடலாம், கொஞ்சம் என்றால் நேரான இடத்தில் மட்டும் துண்டு போடலாம். ஒரு துண்டுக்கு வேண்டியது நம் விரல் நீளம்தானே. பிறகு அளவுகோலைக் குழாயின் முனையில் பிடித்துக் குழாயைச் சுற்றிப் பாருங்கள். முட்டை வடிவாக இருந்தால், மூன்றாகப் பிளக்கும்போது ஒரு பிளவு 10 மி.மீ குழாய் போலவும் இன்னொன்று 11 மி.மீ குழாய் போலவும் நடந்துகொள்ளும். ஒரே குழாயில் பிறந்தவை ஒன்றுபோல் பேச வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாறுவோம்.

நிறம் பற்றி ஆளுக்கு ஒரு கட்சி. முற்றிய கொறுக்கை வெண்கலப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் வரும் மஞ்சளில் இருக்கும். பழுப்புப் புள்ளி, சிறுத்தைத் தோல் போன்ற திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். எனக்கு மிக நன்றாக வாசித்த ரீட்களில் சில அப்படிப்பட்ட தோலிலிருந்து வந்தவை. பச்சை தட்டினால் மட்டும் வைக்காதீர்கள். வெட்டிய முனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: நார்முனைகள் பொடிப் புள்ளியாக, நெருக்கமாக, ஒரே சீராகத் தெரிய வேண்டும். அங்கங்கே கொத்தாகவும் இடையில் வெறுமையாகவும் தெரிந்தால் அந்த ரீட் ஒரு ஸ்வரத்தில் பாடும், அடுத்ததில் முனகும். உள்பக்கத்து மெல்லிய தோல் வெளுப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது நகம். வெட்டிய முனையின் உள்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். வெண்டைக்காய் முற்றலா என்று பார்ப்பது போலத்தான். நகம் அப்படியே இறங்கினால் பிஞ்சு. தடமே விழவில்லை என்றால் கட்டை. அதைச் சீவ முடியும், பாட வைக்க முடியாது. மெல்லத் தடம் விழுந்து, நகத்தை எடுத்ததும் கொஞ்சம் மேலே எழும்பினால் அதுதான் வேண்டியது. கடைசியில் காது. குழாயை மேஜைமேல் ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். நல்லது 'கிணுங்' என்னும். மோசமானது 'தொப்' என்னும். இதை முதல் நூறு குழாய்களில் உங்களால் பிரித்துக் கேட்க முடியாது. போகப் போகக் கேட்கும்.

இவ்வளவும் செய்து தேறியதைப் பையில் கட்டி, தேதி எழுதி, மேலே வைத்துவிடுங்கள். இரண்டு மழைக்காலம் தொடாதீர்கள். உங்களுக்கு இப்போது வாசிக்க ரீட் வேண்டும், அது எனக்குத் தெரியும். இப்போதைக்குக் கடைச் சரக்கில் வாசியுங்கள். ஆனால் குழாயை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். சென்னையில் சேர்ந்த புதிதில் அரைக்கிலோ குழாய் வரவழைத்தேன். எனக்கு அது அன்றைக்கு ஒரு மாதச் சம்பளம். பாதிக்கு மேல் பச்சை தட்டியிருந்தது. காசு போட்டதை ஒதுக்க மனம் வரவில்லை, அந்த வாரமே சீவிக் கட்டினேன். வீட்டில் நன்றாகத்தான் பாடியது. ஒலிப்பதிவுக் கூடத்துக் குளிரில் இரண்டு மணி நேரம் இருந்ததும் ரீட்டின் இரண்டு இதழும் ஒன்றோடொன்று விலகித் திருகிக்கொண்டன. நாற்பது பேர் வயலினை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். என் வரியைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்துப் பதிவை முடித்தார்கள். அன்று இரவு மீதிக் குழாய்களைப் பரணில் போட்டேன். மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால், சரிபாதி விரிசல் விட்டோ வளைந்தோ கிடந்தது. மிச்சம் இருந்ததில் கட்டிய ரீட்களை வைத்துத்தான் நான் சென்னையில் பேர் வாங்கினேன்.

கேள்வி: வைத்திருந்தால் கொறுக்கைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? ஈரம் காய்வதற்கு இரண்டு வருடமா? (கல்லூரி ஆசிரியர், பொள்ளாச்சி)

ஈரம் காய்வதற்கு அல்ல ஐயா. சன்னமான குழாய் சில வாரங்களிலேயே சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குச் சமமாகிவிடும். நான் எதிர்பார்ப்பது அதற்கு அப்புறம் நடப்பதை. எங்கள் ஊர் மலைத்தொடரின் இடைவெளிக்கு நேரே இருக்கிறது. இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், மேற்கிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். துலாமழை என்னும் ஐப்பசி மழை முடிந்து மார்கழி பிறந்தால் அதே கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி அடிக்கும். திருவாதிரையை ஒட்டி ஓலைக்கூரை எல்லாம் பேசும். உதடு வெடிக்கும். கதவுகள் சட்டத்தைவிட்டு விலகி நிற்கும். கதவு செய்வதைத்தான் கொறுக்கையும் செய்கிறது: மழையில் ஊதும், காற்றில் சுருங்கும். வளரும்போதும் உலரும்போதும் உள்ளே இறுகி நின்ற முறுக்கு இரண்டு மூன்று முறை இப்படி ஊதிச் சுருங்கினால் வெளியே வந்துவிடுகிறது. வளைய வேண்டியது வளைந்துவிடும், வெடிக்க வேண்டியது வெடித்துவிடும். ரீட் ஆன பிறகு வெடிப்பதற்குப் பதிலாகப் பரணிலேயே வெடிக்கட்டும். மழையும் காற்றும் சலித்துத் தரும் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

சீவும்போதும் வித்தியாசம் தெரியும். புதுக் குழாயை ஊறவைத்த தண்ணீர் இளம் தேநீர் நிறத்துக்கு வரும், நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கும். பழைய குழாயில் அந்த நிறம் குறைவு. கௌஜிங் மெஷினில் உள்பக்கத்தைச் செதுக்கி, நடுவில் 0.58 முதல் 0.60 மி.மீ வரை நிறுத்துகிறோம். பழகிய கொறுக்கையில் சீவல் சுருள் சுருளாக நீளமாக வரும். பழகாதது பிசிறு பிசிறாகப் பெயரும்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், ஓபோ வாசிக்கிறாள். அவளுக்காக வாங்கிய குழாய்களில் ஆடி மாதம் கரும்புள்ளி பிடித்துவிட்டது. எறிந்துவிடலாமா? எப்படி வைப்பது? (வாசகி, கோவை)

அம்மிணி, எறிவதற்கு முன் ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போகாமல் தோலுக்குள்ளேயே இருப்பது செடியின் மச்சம், அதனால் கெடுதல் இல்லை. துணியில் கறுப்பாக ஒட்டி, மூடிவைத்த பெட்டியின் வாடை அடித்தால் பூஞ்சணம். தோலில் மட்டும் இருந்தால் துடைத்து வெயிலில் ஒரு நாள் காட்டுங்கள். குழாயின் உள்தோலுக்குப் போயிருந்தால் இரக்கம் பார்க்காதீர்கள். குழந்தை வாயில் வைக்கிற பொருள்.

பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். கடையிலிருந்து அப்படித்தான் வருகிறது. வந்த அன்றே மாற்றிவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் நான் பை தைத்து வைத்திருக்கிறேன், அரிசிப் பை போல, ஒரு பைக்கு முப்பது குழாய்க்கு மேல் இல்லை. காற்று உள்ளே போய் வர வேண்டும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உத்தரத்திலிருந்து தொங்கவிடுங்கள். கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தை உள்ளே போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. மழைக்காலத்தின் ஈரம் அதற்கு வேண்டும், அதை மறைத்துவிட்டால் வைத்ததே வீண். அந்துருண்டை, கற்பூரம் கூடவே கூடாது. அந்த வாடை ரீட் ஆன பிறகும் போகாது. பையின் வெளியே காய்ந்த வேப்பிலைக் கொத்து கட்டுகிறேன். உளு என்னும் துளைக்கும் பூச்சி வந்தால் குழாயில் குண்டூசித் துளையும், கீழே மாவும் தெரியும். அந்தக் குழாயை மட்டும் உடனே வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள்.

பையின் மேல் வாங்கிய மாதமும் வருடமும் மசியால் எழுதுங்கள், துணியிலேயே. சீட்டு எழுதிக் கட்டினால் எலி கொண்டுபோய்விடும். உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது அவளிடம் தன் ஊர்க் காற்றில் பழகிய ஒரு பை கொறுக்கை இருக்கும். அதற்குள் கத்தி பிடிக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நாணல் புதர் புதராக நிற்கிறது. ஓபோ ரீட்டுக்கு ஆகுமா? (வாசகர், நாகர்கோவில்)

நாணல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல செடிகள் அடங்கிவிடுகின்றன. தண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே நெட்டி போலச் சோறு நிறைந்திருந்தால், வெள்ளிக் கதிர் விடும் பேய்க்கரும்பு வகை, நமக்கு ஆகாது. உள்ளே பொள்ளலாக இருந்து, தண்டு விரல் பருமனைத் தாண்டாமல், சுவர் மெலிந்திருந்தால் அது வேறு நாணல்; ஓலைப் படலுக்கு ஆகும். பொள்ளலாகவும், அடித்தண்டு கைத்தடிப் பருமனாகவும், சுவர் கெட்டியாகவும், இலை தண்டைச் சேரும் இடத்தில் காதுமடல் போல அகன்று கட்டிப்பிடித்தும் இருந்தால் அது கொறுக்கை. அப்படி இருந்தால் விடாதீர்கள். இரண்டாம் வருடத் தண்டை, கிளை விட்டதாகப் பார்த்து, தை மாதம் வெட்டி, நிழலில் நிறுத்தி வையுங்கள். நம் ஆறுகளில் தண்ணீரும் சூடும் அதிகம், செடி அவசரமாக வளர்கிறது, அதனால் நார் இளகலாக இருக்கும். வறண்ட மேட்டுக் கரையில், காற்றடிக்கும் இடத்தில் நிற்பதாகத் தேடுங்கள். எங்கள் பக்கத்துச் சித்தூர் ஆற்றங்கரையில் நான் அப்படி வெட்டிய கொறுக்கையில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ரீட் கட்டித் தந்திருக்கிறேன். மேடைக்கு இன்னும் போதவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வெட்டி வைக்கிறேன்.

கேள்வி: ஈற்றையில் முயன்று பார்க்கலாமா? இங்கே காட்டில் ஏராளம். (வாசகர், புனலூர்)

வேண்டாம். ஈற்றை மூங்கில் இனம். கணு நீளம், சுவர் மெல்லிசு, பார்த்தால் ஆசையாக இருக்கும். நானும் சீவிப் பார்த்தேன். நார் நீளவாக்கில் பிளக்கிறதே தவிர அதிர்வதில்லை. அதில் அருமையான புல்லாங்குழல் செய்கிறார்கள், கூடையும் பாயும் முடைகிறார்கள். அதை அந்தக் கைகளுக்கே விட்டுவிடலாம்.

கேள்வி: நான் நாதஸ்வரம் வாசிப்பவன். எங்கள் ஊதும் இதழான சீவாளிக்கும் ஓபோ ரீட்டுக்கும் ஒரே தட்டைதான் என்கிறார்கள். பின் ஏன் எங்கள் சீவாளிக்கு இவ்வளவு அளவும் கருவியும் இல்லை? (கலைஞர், புத்தூர், ஆந்திரா)

அண்ணா, அளவு உங்களிடமும் இருக்கிறது, விரலில் இருக்கிறது. என் பெரியப்பா கோயில் நாதஸ்வரக்காரர். திருவாவடுதுறைப் பக்கம் போய் வரும்போதெல்லாம் சீவாளியோடு ஒரு கட்டு கொறுக்குத்தட்டையும் வாங்கி வருவார். பெரியம்மா நெல் அவிக்கும் அண்டாவில் ஒரு பக்கமாக அதைச் செருகி, நெல்லோடு அவிந்ததும் எடுத்துத் துடைத்து, அடுப்புக்கு மேல் அட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார். புகை படிந்து தேன் நிறத்துக்கு வரும் வரை யாரும் தொடக் கூடாது. எங்களுக்கு அதில் காற்றாடிக்குச்சி எடுக்க ஆசை. ஒரு முறை எடுத்து அடி வாங்கினேன்.

உங்கள் கெண்டை என்னும் சிறு குழல்மேல் சீவாளி ஏறுவது போல, எங்களுக்கும் உலோகக் கெண்டை உண்டு, 47 மி.மீ நீளம், கீழே கார்க் சுற்றியது. வேலைதான் வேறு. நாதஸ்வரத்தில் கமகத்தை உதடும் காற்றும் சேர்ந்து இழுக்கின்றன, சீவாளி வளைந்துகொடுக்க வேண்டும். அவிப்பது அந்த நெகிழ்வுக்கு என்பது என் எண்ணம். ஓபோவில் ரீட் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லோரும் சுருதி சேர்ப்பது ஓபோ கொடுக்கும் ஸ்வரத்தைப் பிடித்துத்தான். அது அசைந்தால் எல்லோரும் அசைவார்கள். அதனால் நாங்கள் அவிப்பதில்லை, புகை காட்டுவதில்லை, மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறோம்.

உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர் நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா. பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணியைத் தேடிக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். அவர் வாசிப்பைக் கேட்கும்போது, ஒரு ஸ்வரம் புறப்படும் அந்த முதல் கணத்தைக் கவனியுங்கள். இடிப்பு இல்லை, காற்றுச் சத்தம் இல்லை. ஓபோவில் அந்தப் புறப்பாடு வருவதற்காகத்தான் நான் குழாயை இத்தனை காலம் தொங்கவிடுகிறேன்.

கேள்வி: ரீட் சீவும் கத்தியைத் தீட்டத் தெரியவில்லை. ஒரு வழி சொல்லுங்கள். (வாசகர், சித்தூர், பாலக்காடு)

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கலாமா! கள் இறக்குபவரிடம் போங்கள். தென்னம்பாளையைத் தினமும் கண்ணாடித்தாள் கனத்துக்குச் சீவுகிறார்கள். மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, கத்தியை ஒரே சாய்வில் இழுப்பார்கள். நான் கற்றது எங்கள் தோப்பில் ஏறும் அண்ணனிடம்தான். கடையில் வாங்கிய தீட்டுக்கல்லில் முதல் முனையை எடுத்து, அவர் பலகையில் முடிக்கிறேன்.

கேள்வி: உங்களிடம் இருப்பதிலேயே பழைய கொறுக்கை எது? அதில் வாசிக்கிறீர்களா? (மாணவி, திருவனந்தபுரம்)

2009 என்று எழுதிய ஒரு பை இருக்கிறது மகளே. வார் மாவட்டத்துச் சரக்கு, சென்னையில் இருக்கும்போது வாங்கியது. ஊருக்குத் திரும்பும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முப்பது குழாய் இருந்தது. வளைந்தவை நான்கு, வெடித்தவை மூன்று, உளு தின்றது ஒன்று. எத்தனை வருடத்துக்குப் பிறகு கொறுக்கை உயிர் இழக்கும் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். இந்தப் பையில் இன்னும் உயிர் குறையவில்லை, அழுத்திய நகத்தின் தடம் எழும்புகிறது.

போன தை மாதம் இரண்டு குழாயை எடுத்தேன். பிளந்து, ஊறவைத்து, செதுக்கி, வடிவம் வெட்டி, கெண்டையில் கட்டி, சீவாமல் ஒரு மாதம் அப்படியே வைத்தேன். மாசியில் நாளுக்குக் கொஞ்சமாக, ஐந்து நாள் சீவினேன். ஆறு பிளவில் நான்கு ரீட் தேறியது. மூன்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நான்காவதில் தினமும் விடிகாலையில் வாசிக்கிறேன், வாசல் திண்ணையில், பால்காரர் வருவதற்கு முன். இந்த இடவப்பாதியில் அது ஒரு நாள்கூடச் சுருதி இறங்கவில்லை. பையில் இன்னும் சில குழாய் இருக்கிறது. அடுத்த தை வரை அவிழ்க்க மாட்டேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அந்த ரீட்டில் ஒரு ஸ்வரம் ஊதிப் பார்க்கலாம்.